கார்பன் தாளோடு அளந்த தடிமன்

மூன்றாவது தடவை அவள் அளந்தபோதும் அதே எண்தான் வந்தது: பூஜ்யம் புள்ளி எட்டு மில்லிமீட்டர். நோட்டில் ஒன்று புள்ளி இரண்டு என்றிருந்தது. அவளே எழுதியது.

ஈரக்காற்று பட்டால் கெட்டுவிடும் வில்லை அது. பேட்டரிக்குள் திரவத்துக்குப் பதிலாக நின்று லித்தியம் அயனிகளைக் கடத்த வேண்டியது. அதனால் எல்லா வேலையும் கண்ணாடிப் பெட்டிக்குள்தான். வழக்கமாகக் கணவன் இரண்டு கைகளையும் பெட்டியின் ரப்பர் உறைகளுக்குள் விட்டு அளந்து சொல்வான்; உதவியாளரான அவள் வெளியே நின்று எழுதுவாள். நான்கு வருடமாக இப்படித்தான்.

"வில்லையை அழுத்திச் சுடும்போது ரெண்டு பக்கமும் ஒட்டிக்கிற கார்பன் தாளோட சேர்த்து அளந்துட்டீங்க. கழிக்கவே இல்ல."

அவனுக்கு முகம் செத்துவிட்டது. தடிமன் கூடினால் கணக்கில் கடத்துதிறனும் கூடும். சாதனை என்று ஆய்வேட்டில் எழுதியிருந்த எண், ஒன்றரை மடங்கு ஊதிப்போன எண்.

"வா, சார்கிட்ட சொல்லிடலாம்" என்று அவன் சொன்னபோது, பரவாயில்லை, நல்ல மனுஷன்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'தசமம்'. புள்ளிக்குப் பின்னால் நாலு இலக்கம் இல்லாமல் சௌக்கியம்கூட விசாரிக்க மாட்டார். நோட்டைப் புரட்டியவர் கேட்டார்: "இது யார் எழுதினது?"

"எழுதினது இவதான் சார்."

சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அதுதான் எரிந்தது. அளந்தது யார் என்று அவர் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

"சார், அளந்தது..." என்று ஆரம்பித்தாள்.

"எண்ணை ஒழுங்கா எழுதத் தெரியல. இதுல அடுத்த மாசம் ஆராய்ச்சிக்கு வேற சேரணுமா? அந்த இடத்துக்கு வேற ஆளைப் பார்த்துக்கறேம்மா." அவனிடம் திரும்பினார். "நீ மறுபடி அளந்து, திருத்திக் குடுப்பா."

திரும்பி வரும்போது அவன் மெதுவாகச் சொன்னான்: "என் பட்டம் போனா ரெண்டு பேருக்கும்தானே நஷ்டம்? உனக்கு அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

"போன வருஷமும் இதைத்தான் சொன்னீங்க."

ஆய்வகத்துக்குள் வந்ததும் அவன் முழங்கை வரை கைகளைப் பெட்டிக்குள் விட்டான். அடுத்த வில்லையை எடுத்தான். தாளை இந்தத் தடவை பக்குவமாக உரித்தான்.

"பூஜ்யம் புள்ளி எட்டு மூணு. எழுதிக்கம்மா."

அவள் பேனாவை மூடி நோட்டின் மேல் வைத்தாள்.

"பூஜ்யம் புள்ளி எட்டு மூணு" என்றான் மறுபடி, கொஞ்சம் உரக்க. கைகள் இரண்டும் உள்ளே மாட்டியிருக்க, கழுத்தை மட்டும் திருப்பி அவளைப் பார்த்தான்.