வேங்கைக்கு ஏற்றிய கற்பூரம்

பள்ளிப்பட்டு சாலையிலிருந்து பிரியும் மண்பாதை ஒரு காப்புக்காட்டில் போய் முடியும், கண்ணுகளே. அதன் மேற்குச் சரிவில் நின்ற வேங்கை மரங்களைத் திருட்டுத்தனமாக அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கிழக்குச் சரிவு மட்டும் மிச்சம். திருட்டை நிரூபித்தால் அந்தச் சரிவையாவது அறுக்காமலிருக்கக் கோர்ட்டில் தடை வாங்கலாம் என்று, காடழிப்பை நேரில் விசாரித்து எழுதும் கயல்விழி திருத்தணியிலிருந்து ஸ்கூட்டியில் வந்தாள். தகவல் சொன்னவள் ஆடு மேய்க்கும் ஜெயம்மாள். அவளே முன்னால் நடந்தாள்.

"முள்ளு பாத்து வா கண்ணு. ஸ்கூட்டி ஓட்டற காலு இதுல நடக்குமா?"

"நடக்கும்க்கா. அடிக்கட்டைல ரம்பம் பட்ட தடம் இருந்தா போதும். கோர்ட்டுல நிக்கும்."

"ஆங், கட்டை அங்கியேதான் கீது. எங்க போவப்போவுது?"

மேலே ஏறியதும் கயல்விழி அப்படியே நின்றுவிட்டாள். கட்டைகள் எல்லாம் கரியாகியிருந்தன. சுற்றிலும் புல் எரிந்து தரை கறுத்துக் கிடந்தது. ரம்பத்தின் தடம் எங்கேயும் இல்லை.

"அவனுங்களே கொளுத்திட்டாங்களா?"

"இல்லம்மா, நான்தான்." ஜெயம்மாளின் குரல் இறங்கிவிட்டது. "கொளுத்தலை, கற்பூரம் ஏத்துனேன். வள்ளிக்காக நம்ம சாமியே வேங்கையா நின்னாரில்ல? அறுத்த எடத்துல பிசினு ரத்தமாட்டம் வழிஞ்சிகினு இருந்திச்சி. பாத்துட்டு எப்டி சும்மா வர்றது? மஞ்சள் பூசி, பொட்டு வெச்சி, கட்டைக்கு ஒரு வில்லை ஏத்துனேன். மரத்தூளு காஞ்சி கெடந்திச்சா, காத்துல புடிச்சிகிச்சி. தழை ஒடிச்சி அடிச்சேன், அடங்கலை."

உள்ளங்கையைக் காட்டினாள். கொப்புளம் இன்னும் ஆறவில்லை.

"எரிஞ்ச மரத்தைத்தான் அறுத்தோம்னு சொல்லிடுவாங்கக்கா."

"அறுத்தப்புறம்தான் எரிஞ்சிதுன்னு எழுதேன்."

"எழுதினா, நெருப்பு யார் வெச்சதுன்னு கேப்பாங்க. காப்புக்காட்டுல நெருப்பு வெச்சா கேஸ்."

"என் பேர எழுது. ஜெயில்ல போட்டா ஆட்டையும் ஓட்டிகினு போறேன். போலீஸ்காரனே தழை ஒடிச்சிப் போடட்டும்."

கயல்விழிக்குச் சிரிப்பு வரவில்லை. "வேணாங்க்கா."

"கெழக்கால நிக்கிறதையாவது காப்பாத்தணுமா வேணாவா? எழுது."

மனசே இல்லாமல், நடந்ததை நடந்தபடி வனத்துறைக்கு எழுதிக் கொடுத்தாள்.

துறையில் மேலே இருந்தவர்கள் அதில் தங்களுக்குச் சுலபமானதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மரம் எல்லை தாண்டி ஆந்திராவுக்குப் போய்விட்டதாம். அதை அங்கே இருப்பவர்கள்தான் விசாரிக்க வேண்டுமாம். நெருப்பு வைத்த வழக்கு மட்டும் உடனே பதிவானது. ஜெயம்மாளுக்குச் சம்மன் வந்தது.

வாய்தா அன்று கயல்விழி லீவு போட்டுக் கூடப் போனாள். கோர்ட்டு வராந்தாவில் டீ வாங்கிக் கொடுத்தாள். ஜெயம்மாள் ஊதி ஊதிக் குடித்துவிட்டுக் கேட்டாள்:

"தடை வந்திச்சா கண்ணு?"

"இல்லக்கா. கிழக்குப் பக்கமும் அறுக்க ஆரம்பிச்சிட்டாங்க."

"தெரியும். சத்தத்துக்கு மெரண்டுகினு ஆடுங்க அந்தாண்ட போவவே மாட்டேங்குது. நீ மறைப்பியோன்னு பாத்தேன்."

உள்ளேயிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஜெயம்மாள் புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"உள்ள போயி இன்னா சொல்லணும்?"

"நடந்ததைச் சொல்லுங்கக்கா."

"அதத்தானே நீயும் எழுதுன" என்று சொல்லிவிட்டு, அவள் உள்ளே போனாள்.