துளசியின் முகத்துக்கு மாத வாடகை

பவித்ரனின் கடை மேசையில் கெட்டுப்போன கம்ப்யூட்டரைத் தூக்கி வைத்ததும் முதலில் நான் சொன்னது இதுதான்: உள்ளே என் சம்சாரம் இருக்கிறாள், கண்ட இடத்தில் கை வைக்காதே.

அவன் சிரித்தான். புந்தோங்கில் ஃபோன், கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற கடை அவனுடையது. முப்பது வயது இருக்கும், காதில் கடுக்கன். கடுக்கன் போட்ட ஆம்பிளைகளிடம் எனக்கு நம்பிக்கை கிடையாது. கடுக்கன் போடாதவர்களிடமும் கிடையாது. அதனால் கிட்டத்தில் இருந்த கடையாகப் பார்த்துக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்துப் போனபோது, "மெசின் செத்துப்போச்சு அங்கிள். ஆனா உள்ள இருந்ததுக்கு ஒண்ணும் ஆகல. வேற மெசின்ல மாத்திட்டேன்" என்றான்.

திரையில் துளசி பேர் போட்ட கட்டம் இருந்தது. அதைத் தட்டினேன். திறக்கவில்லை. திறக்கிற ப்ரோகிராம் புது மெசினில் இல்லையாம். இதுதானே என்று கையோடு கொண்டுபோயிருந்த டப்பாவை மேசையில் வைத்தேன். டிஸ்க், நம்பர் ஒட்டிய அட்டை, எல்லாம் இருந்தது. டவுனில் போட்டோ கடை வைத்திருந்த சீன முதலாளி, எங்கள் தவுக்கே, கடையை மூடும்போது கம்ப்யூட்டரோடு சேர்த்து எனக்குக் கொடுத்தது. அவரிடம் கூட்டிப் பெருக்கப் போய், கடைசியில் பாஸ்போர்ட் படங்களுக்குப் பின்னால் சுவரை வெள்ளையாக்குகிற வேலைவரை வந்தவன் நான்.

பவித்ரன் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நம்பரைப் போட்டான். சிவப்பில் ஏதோ வந்தது.

"இது செல்லாது அங்கிள். பழைய நம்பரை அவங்க நிறுத்திட்டாங்க. இப்ப எல்லாம் மாச வாடகைதான்."

"எதுக்கு வாடகை?"

"ப்ரோகிராமுக்கு. மாசாமாசம் கட்டணும். கட்டுற வரைக்கும் திறக்கும்."

"இது காசு கொடுத்து வாங்குன சாமான்."

"தெரியுது அங்கிள்."

"நாற்காலி வாங்கிட்டு வந்து வீட்ல போட்டு உக்காந்திருக்கேன். கடைக்காரன் வந்து எந்திரி, இனிமே உக்காந்தா வாடகைங்கறான். நீ எந்திரிப்பியா?"

"நான் எந்திரிக்க மாட்டேன்லா. ஆனா அவங்க நாற்காலியை எடுத்துட்டாங்களே."

வாய்க்கொழுப்பு பிடித்தவன். ஆனால் சொன்னது சரி.

துளசிக்குப் படம் கிடையாது. படம் எடுக்கிறார்கள் என்றாலே முந்தானையை முகத்தில் இழுத்துக்கொள்வாள். எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை, பிள்ளை இருந்தால் ஃபோனில் எடுத்துத் தொலைத்திருக்கும். அவள் போன பிறகு, படம் போட்ட அடையாள அட்டை, அந்த ஐசியையும் சாவுப் பதிவுக்குக் கொடுத்தாகிவிட்டது. அவள் வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தை விற்ற அன்று பால்மரம் வெட்டுகிற பொம்பளைகளை எல்லாம் ஆபீஸ் வாசலில் நிறுத்தி மேனேஜர் ஒரு படம் எடுத்தார். அதில் இரண்டாவது வரிசையில் நிற்கிறாள், வேலைக்குப் போன கோலத்தில். நெற்றி மறைய தலைத்துணி, ஆம்பிளைச் சட்டை, வேர்வையில் பொட்டு அழிந்த முகம்.

சுமங்கலியாகப் போனவள். அந்தக் கோலத்தில் எப்படி மாட்டி வைக்கிறது? பால் வாளியோடு நிற்கிறவளுக்கு மாலை போடுவதா? அவளைத் தனியாக வெட்டி எடுத்தேன். தலைத்துணியைக் கழற்றி, முடி வைத்தேன், வகிடு எடுத்தேன், பூ வைத்தேன். நெற்றிக்குப் பொட்டு வைத்தேன். ஒவ்வொன்றும் தனித்தனித் தாள், ஒன்றின் மேல் ஒன்று. சாதாரணப் படமாக மாற்றினால் எல்லாத் தாளும் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் ஒன்றையும் நகர்த்த முடியாது என்று தவுக்கே சொல்லியிருந்தார். அதனால் மாற்றவே இல்லை. கிட்டத்தட்ட ஒரு வருசமாகச் சாயங்காலம் ஆனால் அந்த வேலைதான். முதல் திவசத்துக்குள் முடித்துவிடலாம் என்றிருந்தேன். இதோ அடுத்த மாதம் திவசம், அவள் உள்ளே கிடக்கிறாள், வெளியே பூட்டு.

பவித்ரன் சும்மா கிடைக்கிற ஏதோ ப்ரோகிராமை இறக்கித் திறந்து பார்த்தான். முகம் வந்தது. முடி வரவில்லை. பொட்டு மூக்குக்குக் கீழே வந்து நின்றது.

"மூடு அதை" என்றேன்.

அவன் குரலைத் தணித்தான். "வேற வழி ஒண்ணு இருக்கு அங்கிள். திருட்டு காப்பி போட்டுத் தரவா? எல்லாரும் அதான் போடுறாங்க."

"திவசத்துக்குக் கும்பிடுற முகம்டா. திருட்டுச் சாமான்ல எடுக்கச் சொல்றியா?"

"அப்ப கம்பெனிக்கிட்டயே கேளுங்க" என்று கம்பெனியோடு எழுதிப் பேசுகிற இடத்தைத் திறந்து வைத்தான். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவன் இங்கிலீசில் அடித்தான். நான் வாங்கினவன், வாடகைக்காரன் இல்லை, என் சாமானைத் திருப்பிக் கொடு என்றேன். எங்களோடு இத்தனை காலம் இருந்ததற்கு நன்றி, எங்கள் புதிய திட்டங்களைப் பாருங்கள் என்று வந்தது. என் சம்சாரம் செத்துப்போய்விட்டாள், படம் உள்ளே மாட்டிக்கொண்டது என்றேன். கேட்க வருத்தமாக இருக்கிறது, எங்கள் புதிய திட்டங்களைப் பாருங்கள் என்று வந்தது.

"எவன்டா இவன்?"

"ஆள் இல்ல அங்கிள். மெசின்."

இவ்வளவு நேரம் மெசினிடம் துளசி செத்ததைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். டப்பாவையும் புது மெசினையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தக் கூட்டப் படத்தை மறுபடி வாங்கி சும்மா கிடைக்கிற அந்த ப்ரோகிராமிலேயே முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று நினைத்தேன். படம் புஷ்பலதாவுடையது. தோட்டத்தில் துளசிக்குப் பக்கத்து மர நிரையில் பால் வெட்டினவள், இப்போது லூமுட்டில் மகள் வீட்டில் இருக்கிறாள். ஃபோன் போட்டேன்.

"யாரு? சடையண்ணனா? நல்லா இருக்கீங்களா? சாப்பிடுறீங்களா ஒழுங்கா?"

"அதெல்லாம் இருக்கட்டும். அந்தப் படம் வேணும்."

"எந்தப் படம்? ஐயோ, அதெல்லாம் வீடு மாறுறப்பவே போட்டுட்டாங்கண்ணே. மகதான் குப்பைன்னு சொல்லி..." பின்னால் டிவி சத்தம், குழந்தை அழுகிற சத்தம். "துளசிக்குத் திவசம் எப்பண்ணே? வரணும்னுதான் இருக்கு. கால்தான் ஒத்துக்க மாட்டேங்குது."

வரமாட்டாள் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். வை என்றேன்.

சாயங்காலம் ஆனால் என்ன செய்வது என்று தெரியவில்லை. பழக்கத்தில் கம்ப்யூட்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். கட்டத்தைத் தட்டினேன். வாடகை கட்டச் சொன்னது. மறுபடி தட்டினேன். அதையே சொன்னது. விளக்கைப் போடாமலே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டில் வெங்காயம் தாளிக்கிற வாசம் வந்தது.

காலையில் பாலில்லாத டீ, தே ஓ, குடிப்பது ஷரபுதீன் கடையில். அங்கேயும் இதே பேச்சைத்தான் எடுத்தேன். கேட்டுக்கொண்டே ரொட்டி சானாய் வீசினான்.

"அண்ணே, மெசினோட சண்டை போடுற ஆளை தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோவாங்க. பார்த்து."

"அங்க போனா வாடகை கேக்க மாட்டான்ல?"

"அங்க சோறே சும்மா கொடுக்கிறான்ணே. நானே போலாம்னு இருக்கேன்." கல்லில் ரொட்டியைப் போட்டுவிட்டு உள்ளே பார்த்துக் கத்தினான். "அஃப்ரீன்! நீ மெனு படம் செய்றியே, அது என்னா ப்ரோகிராமு?"

அஃப்ரீன் அவன் மகள். கடையின் விலைப்பலகை, ரம்ஜான் போஸ்டர் எல்லாம் அவள் செய்வதுதான். லாப்டாப்பைக் கொண்டுவந்தாள். அதே ப்ரோகிராம். வாடகை கட்டுகிறவள்.

"கொண்டாங்க தாத்தா, திறந்து தாரேன்."

"நீ கொண்டுபோகக் கூடாது. எனக்கு முன்னாலயே திற."

"உங்க முன்னாலதான்லா."

பவித்ரன் துளசியை ஒரு யுஎஸ்பி குச்சியிலும் ஏற்றிக் கொடுத்திருந்தான், அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த பிறகு, கடைசி மேசையில் உட்கார்ந்து அதைச் செருகினாள். கொஞ்சம் யோசித்தது. திறந்தது.

துளசி இருந்தாள். வகிடு, பூ, பொட்டு, எல்லாம் அதனதன் இடத்தில்.

அஃப்ரீன் ஓரத்தில் தாள்களின் வரிசையை உருட்டிப் பார்த்தாள். உருட்டிக்கொண்டே இருந்தாள். "என்னா தாத்தா இது, பொட்டே இத்தனை வச்சிருக்கீங்க? சின்னது, பெருசு, இது குங்குமம், இது ஸ்டிக்கர் மாதிரி..."

"எது சரின்னு தெரியல. அவ தினம் ஒரு மாதிரி வைப்பா."

"இது முடிஞ்சிருச்சே. ரொம்ப நல்லா இருக்கு, சத்தியமா. சாதாரணப் படமா மாத்தித் தாரேன். எந்த மெசின்லயும் திறக்கும். அப்புறம் நீங்க யாருக்கும் காசு கட்ட வேணாம்."

முடிந்துதான் இருந்தது. திவசமும் வந்துவிட்டது. சரி என்றேன்.

டவுனில் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சட்டம் அடித்து, சுவரில் மாட்டினேன். பண்டாரம் வந்து படையல் போட்டுக் கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கும்பிட்டார்கள். அந்த வீட்டுப் பெண், "பாட்டி சிரிக்கிற மாதிரியே இருக்கு" என்றது. துளசி அப்படியெல்லாம் சிரிக்கிறவள் இல்லை, ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது. ஷரபுதீன் கடையை விட்டுவிட்டு வந்து வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுப் போனான். சாப்பிட்டார்கள். இலையை எடுத்தேன். கதவைச் சாத்தினேன்.

அடுத்த நாள் சாயங்காலம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். சாதாரணப் படம் தட்டினதும் திறந்தது. பொட்டைப் பிடித்துக் கொஞ்சம் மேலே தள்ளப் பார்த்தேன். அசையவில்லை. நெற்றியோடு நெற்றியாக ஒட்டிப்போயிருந்தது. முடியும் அப்படித்தான், பூவும் அப்படித்தான். தாள் தாளாக இருந்த பழையது பக்கத்துக் கட்டத்தில் பூட்டோடு கிடந்தது. இதைப் பார்க்கலாம், அவ்வளவுதான். பார்க்கிறதுக்குச் சுவரில்தான் இருக்கிறாளே.

இத்தனை நாள் நான் அவளிடம், ஏண்டி இவ்வளவு பெரிய பொட்டா வைக்கிறது, கோயிலுக்கா போற என்பேன். சின்னதாக்கிப் பார்த்து, இது விதவைப் பொட்டு மாதிரி இருக்கு, நான்தான் உசிரோட இருக்கேனே என்பேன். பேச்சு அப்படியே போகும். சமையல், பக்கத்து வீட்டுச் சண்டை, தோட்டத்தில் செத்துப்போனவர்கள். கை வேலை செய்யும், வாய் பேசும். சுவரில் மாட்டின படத்தோடு அப்படிப் பேச முடியவில்லை. அதைப் பார்த்தால் கும்பிடத்தான் வருகிறது.

நாலைந்து சாயங்காலம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு ஷரபுதீன் கடைக்குப் போய் அஃப்ரீனைக் கேட்டேன்.

"பொட்டு கொஞ்சம் கீழ இறங்கியிருக்கு."

அவள் திறந்து பார்த்தாள். "இல்லையே தாத்தா. நடுவுலதான் இருக்கு."

"நான் சொல்றேன்ல."

என்னைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். "மத்தியானம் கூட்டம் போனதும் இங்க வந்து என் லாப்டாப்ல செய்யுங்களேன். சும்மாதான் கிடக்கும்" என்றாள்.

நல்ல பெண். ஆனால் கூட்டம் போனாலும் நாலு பேர் உட்கார்ந்து தே தாரிக் டீ குடிக்கிற இடத்தில் நான் துளசியோடு எப்படிப் பேசுவது?

"வீட்லயே செய்யணும். அந்த வாடகை எப்படிக் கட்டுறது?"

"கார்டு வேணும் தாத்தா. உங்ககிட்ட இருக்காது. என் கார்டுல போடுறேன், நீங்க மாசாமாசம் கையில கொடுங்க. கார்டுலேர்ந்து அவங்களே எடுத்துக்குவாங்க."

"கேக்காமலேவா?"

"கேக்காமத்தான்."

"எங்க தோட்டத்துக் கங்காணிகூட கூலியில கேட்டுட்டுத்தான் எடுத்தான்."

ஷரபுதீன் கல்லுக்குப் பின்னாலிருந்து சிரித்தான். "அண்ணே, வாடகை கட்டமாட்டேன்னு இந்தக் கடையே ரெண்டாகிற மாதிரி கத்துனது நீங்கதானே? கட்டுறீங்களா இப்ப?"

"உன் வேலையைப் பாரு. ரொட்டி கருகுது."

சாயங்காலம் அஃப்ரீன் வந்து போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். போகும்போது, வேண்டாம் என்றால் நிறுத்துகிற இடம் எது என்றும் காட்டினாள். ரொம்ப உள்ளே, எழுத்தெல்லாம் சின்னதாக இருந்தது. அது வேண்டுமென்றே செய்ததுதான். வாங்குகிற பொத்தானை என் உள்ளங்கை அளவு வைத்திருக்கிறான், நிறுத்துகிற பொத்தானை எறும்பு அளவு. எங்கேயோ உட்கார்ந்திருக்கிற அந்த ஆள்களுக்கு என்னைத் தெரியாது, துளசியையும் தெரியாது. ஆனால் ஒருத்தன் சாகிறவரை எதற்குக் கட்டுவான் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்திருக்கிறது. நான் அவர்களை நம்பவில்லை. இப்போதும் நம்பவில்லை.

கட்டத்தைத் தட்டினேன். திறந்தது. பொட்டை ஒரு நூல் மேலே ஏற்றினேன். நன்றாக இல்லை. இறக்கினேன்.

"நேத்து பக்கத்து வீட்ல மறுபடியும் சண்டைடி" என்று ஆரம்பித்தேன்.