ரயிலடிச் சிரிப்பு

'ஆறு மாப்பிள்ளை ஒரு நாற்காலி' என்ற படத்தில் மொத்தம் இருநூற்றுப் பதினான்கு சிரிப்புகள் உண்டு. கழுகுநேரியில் அவை ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்துக்குப் பாத்தியப்பட்டவை. கோயில் திருவிழாவில் இன்ன நாள் இன்னார் மண்டகப்படி என்று இருப்பதைப் போலத்தான். தொண்ணூற்று மூன்றாம் வருஷம் தீபாவளிக்கு லோகநாயகி டாக்கீஸில் படம் வெளியான அன்று எந்த இடத்தில் யார் முதலில் சிரித்தார்களோ, அந்த இடம் அவர்கள் வீட்டுக்கு என்று ஆகிவிட்டது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சிக்கு அந்தப் படம்தான். வேறு படம் போடச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

உரியவர் சிரித்தால்தான் படம் அடுத்த இடத்துக்கு நகரும். வெளியூர் போகிறவர்கள் தம்பியையோ கொழுந்தியாளையோ அனுப்பிவைப்பார்கள். ஆள் செத்துப்போனால் சிரிப்பு பெண்டாட்டிக்கு வரும், அதற்குப் பிறகு பிள்ளைகளுக்கு. சும்மா சொல்லக் கூடாது, இந்த ஏற்பாட்டால் ஊர் நன்றாகவே இருந்தது. வரப்புத் தகராறில் முகம் கொடுத்துப் பேசாத பங்காளிகள்கூட ஞாயிறு இரண்டரை மணிக்கு ஒரே வரிசையில் உட்கார்ந்து, தங்கள் இடத்தில் தாங்கள் சிரித்து, அடுத்தவன் சிரிப்புக்கு மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

உலகம்மாள் வீட்டுக்கு வாய்த்த இடம்தான் கொஞ்சம் ஏடாகூடமானது. அவள் புருஷன் தளவாய் பஸ் டிப்போவில் டயர் மாற்றுகிறவர். எந்த வேடிக்கையும் அவருக்குச் சுற்று வழியில்தான் போய்ச் சேரும். காலையில் சொன்னதற்குச் சாயங்காலம் சிரிப்பார். அவர் தங்கச்சி நிச்சயதார்த்தத்தில் யாரோ சொன்னதற்குத் தாலி கட்டுகிற நேரத்தில் சிரித்து வைத்து, மாப்பிள்ளை வீட்டாரைச் சமாதானப்படுத்துவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது. படம் வெளியான அன்றும் அதே கதைதான். பந்தியில் ஐந்து மாப்பிள்ளைகள் ஒரு நாற்காலிக்கு அடித்துக்கொண்டபோது சும்மா இருந்தார். மாமனார் கிணற்றுக்குள் செருப்பைப் போட்டுவிட்டு அதை எடுக்க இன்னொரு செருப்பையும் போட்டபோதும் சும்மா இருந்தார். சிரித்தது ரயிலடியில். கடைசி மகள் சுபத்ராவைப் புருஷன் வீட்டுக்கு வண்டியேற்றிவிட்டு, அம்மா பர்வதம் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நிற்கிற இடம். பெண்கள் பக்கம் முழுக்க முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க, இவர் ஒருத்தர் தோள் குலுங்கச் சிரித்தார்.

படத்திலேயே கண்ணீருக்கென்று இருந்த ஒரே இடத்தில் ஒரு சிரிப்பும் சேர்ந்துகொண்டது. எதற்குச் சிரித்தீர்கள் என்று கேட்டால், "அது பொறவு சொல்லுதேன்" என்பார். முப்பத்தோரு வருஷம் ஒரு ஞாயிறு தவறாமல் சிரித்தார். சொல்லத்தான் இல்லை.

மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை, டிப்போ வாசல் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தளவாய் இறந்துபோனார். பதினாறு கழிகிறவரை துஷ்டி வீட்டார் சிரிக்க வேண்டியதில்லை என்பது வழக்கம். அந்த இரண்டு ஞாயிறும் டிப்போவிலிருந்து ஆள் வந்து சிரித்துக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அது உலகம்மாள் பொறுப்பு.

முதல் ஞாயிறு அவள் சிரித்துப் பார்த்தாள். பொய்ச்சிரிப்பைப் படம் ஏற்றுக்கொள்வதில்லை. ரயில் நின்றது நின்றபடி இருந்தது. சாயங்காலக் காட்சிக்கு ஆட்கள் வந்து வெளியே வரிசை கட்டியதும் ஜனங்கள் பாதிப் படத்தில் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். இரண்டாவது ஞாயிறும் அப்படியே ஆயிற்று. ரயிலடிக்குப் பிறகு வருகிற இருபத்தாறு சிரிப்புகளுக்கு உரியவர்கள் இரண்டு வாரமாக அவற்றை வயிற்றிலேயே வைத்துக்கொண்டு நடமாடினார்கள். உட்கார்ந்து எழுந்திருக்கக் கஷ்டமாக இருந்தும் ஒருவரும் உலகம்மாளைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. அந்த நல்ல மனசுதான் அவளை ரொம்ப வாட்டியது.

ஆனால் வழக்கத்தை மாற்ற முடியாது. மூன்றாவது ஞாயிறும் சிரிப்பு வராவிட்டால் இடம் வேறு வீட்டுக்குப் போய்விடும். அடுத்தபடியாக இருந்தவர் அரிசி மண்டிச் சண்முகவேல். அவர் வீட்டில் ஏற்கெனவே ஏழு சிரிப்பு இருந்தது.

உலகம்மாளுக்குப் பிள்ளைகள் கிடையாது. தளவாயின் சட்டை வேட்டியை எல்லாம் பதினாறாம் நாளே எடுத்துக் கொடுத்தாகிவிட்டது. அந்த மனுஷன் விட்டுப்போனதில் மிச்சம் இந்தச் சிரிப்பு ஒன்றுதான். அதையும் அரிசி மண்டிக்குத் தூக்கிக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

மூன்றாவது ஞாயிறு வந்தது. மற்றவர்கள் எல்லாம் தங்கள் முறையை ஒழுங்காகச் செய்தார்கள். படம் ரயிலடிக்கு வந்து நின்றது. உலகம்மாள் மூன்றாவது வரிசையில் தளவாயின் இடத்தில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்து நிமிஷம் ஆனதும் திரையில் ரயில் கார்டு பச்சைக்கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெற்றிலை போட ஆரம்பித்தார். மூத்த மாப்பிள்ளைகள் ஐந்து பேரும் சாமான் மூட்டைகள் மேல் உட்கார்ந்து சீட்டுக் கலைத்தார்கள். சுபத்ரா வண்டியை விட்டு இறங்கிக் கூஜாவில் தண்ணீர் பிடிக்கப் போனாள். பர்வதம் மட்டும் கம்பியை விடாமல் நின்றாள்.

பின்வரிசையிலிருந்து சண்முகவேல் குரல் கொடுத்தார். "மதினி, அவசரம் ஒண்ணுமில்ல. நிதானமாப் பாருங்க."

அரை மணி நேரம் போயிருக்கும். பர்வதம் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டு மூன்றாவது வரிசையைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்க வீட்டுக்காரர் வரலைங்களா?"

"தவறிட்டாங்க" என்றாள் உலகம்மாள். "மாசிலே."

பர்வதம் ஜன்னலை விட்டு இரண்டடி முன்னால் வந்தாள். "இந்தப் படத்துல எல்லாருக்கும் தமாஷ் எழுதினாங்கம்மா. பந்தி பரிமாற வர்றவனுக்குக்கூட மூணு இருக்கு. என்னை மட்டும் அழச் சொல்லிட்டாங்க. நான் அழற நேரம் பார்த்து அவர் ஒருத்தர்தான் சிரிப்பார். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் மனசைத் தேத்திக்கிட்டு வீட்டுக்குத் திரும்புவேன். ஒருநாள் நேர்ல நன்றி சொல்லணும்னு இருந்தேன். இப்ப உங்ககிட்ட சொல்லிக்கறேன்."

அந்த ஊரில் நன்றியை வாயால் சொல்கிற பழக்கம் கிடையாது. ஒரு உதவி செய்தால் மறுநாள் நாலு முருங்கைக்காய் வீடு தேடி வரும், அவ்வளவுதான். திரைக்குள் இருக்கிறவளுக்கு எதைக் கொடுத்தனுப்புவது என்று உலகம்மாளுக்குத் தெரியவில்லை. "அவுகளுக்கும் ஒங்க மேல ரொம்பப் பிரியம்" என்றாள். அது உண்மையும்கூட. தளவாய் வேறு எந்தச் சொந்தக்காரர்களையும் வாரம் தவறாமல் போய்ப் பார்த்ததில்லை.

"கடைசியா எதுக்குச் சிரிச்சார்?" என்று கேட்டாள் பர்வதம்.

உலகம்மாள் யோசித்தாள். புதன்கிழமை சாயங்காலம் அவர் சிரித்தது, பக்கத்து வீட்டு ஆடு ரேஷன் கார்டைத் தின்ற விஷயத்துக்கு. அது செவ்வாய்க்கிழமை சொன்னது. அதற்கப்புறம் வியாழக்கிழமை காலையில் அவள் ஒன்று சொல்லியிருந்தாள். அவர் "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு டிப்போவுக்குக் கிளம்பினார். ஒன்பது மணிக்கெல்லாம் எல்லாம் முடிந்துவிட்டது.

"கடைசியாச் சொன்னது அவுகளுக்குப் போய்ச் சேரல" என்றாள்.

"என்ன சொன்னீங்க?"

"சட்டையை உள்வெளியா மாத்திப் போட்டுக்கிட்டு நின்னாக. பாக்கெட்டு உள்பக்கமா இருந்துச்சு. அப்படியே போங்க, பிக்பாக்கெட்காரன் வந்தான்னா, அண்ணாச்சி சட்டையைக் கொஞ்சம் கழத்திக் குடுங்கன்னு கேட்டுத்தான் எடுக்கணும்னேன்."

தியேட்டர் முழுக்க அதைக் கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. உரியவர் இருக்க முந்திக்கொள்வது மரியாதையில்லை என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மின்விசிறிகள் சுற்றின. பர்வதம் மறுபடி கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

உலகம்மாளுக்கு முதலில் தோள் குலுங்கியது. அவளுக்கு அப்படிக் குலுங்குகிற வழக்கமே கிடையாது. பிறகு மூக்கால் இரண்டு மூச்சு வந்தது. அதற்குப் பிறகு சத்தம் வந்தது, உள்ளே உருண்டு உருண்டு, கிளம்ப மனசில்லாத டவுன் பஸ் மாதிரி. முப்பத்திரண்டு வருஷம் பக்கத்தில் இருந்து கேட்ட சிரிப்பு அது. ஐந்து வாரம் எங்கெங்கோ சுற்றி, ஆள் இல்லாததால் வீட்டு அட்ரஸுக்கு வந்து சேர்ந்திருந்தது. கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். தான் சொன்ன ஒன்றைக்கூட வீணாக்காமல், நேரமானாலும் எல்லாவற்றுக்கும் சிரித்துத் தீர்த்த அந்த மனுஷனுக்கு மனசுக்குள் கும்பிடு போட்டாள். எத்தனை பெண்டாட்டிகள் சொன்னது காற்றோடு போயிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

கார்டு வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கொடியை அசைத்தார். வண்டி கூவியது. பர்வதம் அழுதுகொண்டே சிரித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள். அதன் பிறகு இருபத்தாறு சிரிப்புகளும் மடை திறந்த மாதிரி வந்தன. வட்டி கட்டுகிறவர்களைப் போல ஒவ்வொருவரும் மூன்று வாரத்துக்கும் சேர்த்துச் சிரித்தார்கள். கடைசியில் குடும்பமே நின்று போட்டோ எடுத்துக்கொள்கிற இடத்தில் ஓரமாக ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடைவெளி இருந்தது. போட்டோக்காரர் மற்றவர்களைக் கொஞ்சம் நெருங்கி நிற்கச் சொன்னார்.

வெளியே வரும்போது சண்முகவேல் செருப்பை மாட்டிக்கொண்டே அவள் பக்கம் வந்தார்.

"எங்களால இப்படிச் சிரிச்சிருக்க முடியாது மதினி. காலையில மண்டியில இருந்து ஒரு மரக்கா அரிசி வரும். வேண்டாம்னு சொல்லிராதீங்க."

உலகம்மாள் வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கைகால் கழுவி விளக்கேற்றினாள். திரும்பினால் வாசற்படியில் சுபத்ரா நின்றுகொண்டிருந்தாள். கையில் கூஜா, தலையில் படத்தில் வைத்திருந்த கனகாம்பரம். முகத்தின் குறுக்கே அவ்வப்போது, பழைய ஃபிலிமில் வருகிற தூறல் மாதிரி மெல்லிய கோடுகள் ஓடின. உதடு அசைந்து நின்றது. உலகம்மாள் அவளை உள்ளே கூப்பிட்டு, பாய் விரித்து, கூஜாவை வாங்கி ஓரமாக வைத்தாள். அப்போதுதான் குரல் வந்தது.

"குழாய்ல தண்ணி நூல் மாதிரி வந்துச்சு. நிறையறதுக்குள்ள வண்டி போயிடுச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் இங்க இருக்கலாமா?"

உலகம்மாள் இன்னொரு உழக்கு அரிசியைக் களைந்து உலையில் போட்டாள்.

"என்ன கொழம்பு வைக்கட்டும்?" என்று கேட்டாள்.

சுபத்ராவின் உதடுகள் அசைந்தன. உலகம்மாள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, குரல் வந்து சேருகிறவரை அவள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.