பிறந்த தேதியைத் திருத்திய காப்பாட்சியர்

உத்தமபாளையம் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர் ஈஸ்வரபாண்டிக்கு, ஓய்வு பெறப் பத்து மாதம் இருக்கையில், ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு இருபத்தொன்பது வயதானது. அன்று சந்தையில் தக்காளி கிலோ நாற்பது ரூபாய்.

காரணம் ஒரு விருது. முப்பத்தைந்து வயதுக்குட்பட்ட, பணிக்குப் புதிதான அருங்காட்சியக ஊழியர்களைக் கௌரவிக்க 'இளம் காப்பாளர் விருது' என்று மேலிடம் அறிவித்திருந்தது. வாங்குகிறவருக்கு வேலை நிரந்தரம். அங்கே அதற்குத் தகுந்த ஆள் ஹேமாவதி ஒருத்திதான். காமயகவுண்டன்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து போகிற ஒப்பந்த ஊழியர். திராட்சைத் தோட்டத்தில் குழி வெட்டும்போது நொறுங்கிக் கிடைத்த முதுமக்கள் தாழியை, இருநூற்றுப் பதினான்கு சில்லுகளையும் ஒவ்வொன்றாகப் பொருத்தி, இரண்டு வருசத்தில் முழுத் தாழியாக நிறுத்தியவள். அந்த இரண்டு வருசமும் ஈஸ்வரபாண்டி செய்த வேலை, ஃபேனைக் கூட்டச் சொன்னதும் குறைக்கச் சொன்னதும்தான். விருது கிடைத்தால் மார்ச்சுக்கு மார்ச் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொல்லி அவர் முன்னால் போய் நிற்க வேண்டாம் என்று நம்பியிருந்தாள் பாவி மகள்.

அவள் விண்ணப்பத்தில் மேலதிகாரியான ஈஸ்வரபாண்டியின் கையெழுத்து வேண்டும். "வச்சுட்டுப் போம்மா, பாப்போம்" என்றார். பார்த்தார். அவளை விட்டுவிட்டுத் தானே விண்ணப்பிக்க ஆசை வந்துவிட்டது. முப்பது வருசம் நாற்காலியைத் தேய்த்தவர் தோளில் ஒரு துண்டுகூட விழுந்ததில்லை. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் வாய்க்கு வந்த தேதியை எழுதிவிட்டார் என்று மனுப் போட்டு, ஆள் பிடித்து, 1965ஐ 1995 ஆக்கினார். நம் பக்கம் பிறந்த தேதியைத் திருத்தாதவர் யார்? மற்றவர்கள் ஒன்றிரண்டு வருசம் திருத்துவார்கள், இவர் முப்பது. உத்தரவு மேசைக்கு வந்த நிமிடம் தலை கறுத்தது, தொப்பை உள்ளே போனது, கட்டிய பல்லைத் தள்ளிக்கொண்டு சொந்தப் பல் முளைத்தது. ஆயுசெல்லாம் கோப்புக்கு அடங்கிய உடம்பு இதற்கும் அடங்கியது. எழுத்தர் நல்லகண்ணு நிமிர்ந்து பார்த்து, "சார் எளச்சுட்டாகளே" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். மனைவி கஸ்தூரியம்மாள் மட்டும், "கல்யாணமான மகனுக்கு எளையவனா எனக்குப் புருசன்? தூ!" என்று கதவைச் சாத்தினாள்.

தேனியில் விழா. வந்த பிரமுகர்கள் ஏழு பேருக்குப் பொன்னாடை போர்த்தி ஓய்ந்தபின் எட்டாவதாக இளம் காப்பாளருக்குப் போர்த்தினார்கள். "தாழிய இந்தக் கையாலதான் ஒட்டுனேன்" என்று மைக்கில் கூசாமல் சொன்னார். ஹேமாவதி மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள். தட்டாவிட்டால் மார்ச்சில் தெரியும். பஸ்ஸில் வீரபாண்டியிலிருந்து சின்னமனூர் வரை அழுதாள். அதற்குமேல் அழ அந்த ஆள் லாயக்கில்லை என்று தோன்ற, ஜன்னல் வழியே காறித் துப்பினாள்.

அடுத்த மாதம் மேலிடம் விருதாளரின் பணிப்பதிவேட்டைப் புரட்டியது. 1995இல் பிறந்தவர் 1993இல் வேலைக்குச் சேர்ந்திருந்தார். பிறக்காதவருக்குக் கொடுத்த நியமனம் செல்லாது என்று முப்பத்தொரு வருசப் பணியையும் ஒரே கோட்டில் அடித்தார்கள். ஆனாலும் விருதோடு நிரந்தர வேலை என்று வாக்குக் கொடுத்தாயிற்றே, இளம் திறமை வீணாகக் கூடாதே! அன்றைய தேதியில் கடைநிலை உதவியாளராகப் புதிதாக, நிரந்தரமாகச் சேர்த்துக்கொண்டார்கள். காலியான நாற்காலிக்குத் தொல்லியல் படித்தவர் வேண்டும். அப்படிப் படித்து அங்கே மிஞ்சியிருந்தவள் ஹேமாவதி. முதலில் பொறுப்பு வந்தது, பிறகு வேலையும் நிரந்தரமானது. விருது மட்டும் இன்றுவரை வரவில்லை, அவளும் கேட்கவில்லை.

இனி அவர், இவர் என்று எழுத வேண்டியதில்லை. பண்ணைப்புரம் பக்கமிருந்து இன்னொரு தாழி முந்நூறு சில்லாக வந்து இறங்கியபோது, ஈஸ்வரபாண்டி கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல மேடம்."

"ஏலே, ஊரறியச் சொன்ன கைதான? உக்காரு இங்கன. ஒட்டு."

ஒட்டிக்கொண்டிருக்கிறான். இதுவரை ஒன்பது சில்லு ஒட்டியிருக்கிறான், அதில் இரண்டு தலைகீழ். ஓய்வு பெற இன்னும் முப்பது வருசம் கிடக்கிறது.