அடுப்படி போனில் மழை

பாளையம்பட்டியில் அப்ரோஸ் பேகத்தின் வீட்டுக்கு நெட் வந்ததே மகள் ஃபாயிஸாவின் காலேஜ் படிப்புக்காகத்தான். லைன்மேன் தாவீதுராஜ் கூடத்து போனுக்கு ஒரு சின்ன வெள்ளை டப்பாவை மாட்டிவிட்டு, இன்னொன்றை அப்ரோஸ் கையில் கொடுத்தார். அதற்குப் பெயர் ஃபில்டராம்.

“அடுப்படி போனுக்கும் இத மாட்டிருங்கம்மா. இல்லேன்னா போன்ல இரைச்சல் கேக்கும். போன் வந்தா நெட்டும் அந்துபோகும்.”

அடுப்படி என்றால் பின்பக்கம் தகரக் கூரை போட்டு இறக்கியது. அங்கே குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அப்புறம் மாட்டலாம் என்று அதைச் சீரக டப்பாவுக்குள் போட்டு வைத்தாள்.

மத்தியானம் சவுதியின் தம்மாமிலிருந்து அவள் கணவர் சேக் முகம்மது கூப்பிட்டார். அடுப்படி போனை எடுத்தால், காதுக்குள் சோவென்று மழை.

“என்ன, அங்க மழையா?” என்றார் அவரும்.

ஜன்னலுக்கு வெளியே கருவேல மரங்கள் வெயிலில் வதங்கிக்கொண்டிருந்தன. இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஆனால் நரிக்குடிப் பக்கத்துத் துண்டு நிலம் காய்ந்துபோய்த்தான் மனிதர் கடல் தாண்டினார். மழை பெய்து கண்மாய் நிறைந்தால் விதைப்புக்கு வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனவர்.

“ஆமாங்க, விடாமப் பெய்யுது,” என்றாள்.

அதன்பிறகு ஃபில்டர் சீரகத்தை விட்டு வெளியே வரவில்லை. போன் அடித்தால் கூடத்தைத் தாண்டி அடுப்படிக்கே ஓடினாள். பேசி வைத்த பிறகும் அவளுக்கு மழை விடவில்லை. கொடியில் மொறமொறவென்று காய்ந்த துணிகளை அவசரமாக அள்ளி உள்ளே போட்டாள். புழுதித் தெருவில் குடையில்லாமல் போகும் பிள்ளைகளைப் பார்த்து நனைகிறதுகளே என்று பதறினாள். மண்வாசனைகூட வந்தது. பைத்தியமெல்லாம் இல்லை. சந்தோஷமாக இருந்தாள், அவ்வளவுதான்.

ஃபாயிஸாதான் புலம்பினாள். “அத்தா பேசுறப்பல்லாம் நெட்டு போயிருதும்மா.”

“நான் பாத்துக்கிறேன்,” என்று வாயை அடைத்தாள் அப்ரோஸ்.

ஒருநாள் அவர் சொன்னார்: “நாளைக்கு வேலைய விடுறேன்னு எழுதிக் குடுக்கப்போறேன். வெதப்பருத்தி வாங்கி வையி.”

முதலில் தலைகால் புரியாத சந்தோஷம். அப்புறம், இருக்கிற வேலையையும் விட்டுவிட்டு, பாளம் பாளமாக வெடித்த நிலத்தில் கைகட்டி நிற்கிற மனிதர் கண்ணுக்குள் தெரிந்தார்.

மறுநாள் போன் வருவதற்கு முன்பே ஃபில்டரைத் தேடி எடுத்து, ஊதி, மாட்டினாள். இந்த முறை மழை இல்லை. அவர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

“மழை விட்டுருச்சா?”

“பெய்யவே இல்லங்க. அது போன்ல வந்த இரைச்சல். நாந்தான் மழைன்னு பொய் சொன்னேன். வேலைய விட்டுறாதீக.”

“தெரியும்,” என்றார்.

“எப்படி?”

“அந்தத் தகரத்துல நாலு சொட்டு விழுந்தாலே நீ கத்திக் கத்திப் பேசணும். இத்தன நாளும் மெதுவாத்தான பேசுன.”

அப்ரோஸ் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

“பெறகு எதுக்கு வேலைய விடுறேன்னீக?”

“மழைய நம்பியா வாரேன்? நீ பொய் சொல்லிக் கூப்புடுற வரைக்கும் வராம இருந்துட்டேனே, அதுக்கு வாரேன்.”

உள்ளறையில் ஃபாயிஸாவின் நெட் அறுந்துபோகாமல் ஓடிக்கொண்டிருந்தது. அப்ரோஸ் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“தகரத்துல ஒரு ஓட்ட இருந்துச்சுல்ல,” என்றார் அவர். “அப்படியே கெடக்கட்டும். நான் வந்து அடைக்கிறேன்.”