கடைசிக் கட்டத்தில் மெட்டில்டா

காணாமல் போன பிராங்ளின், லெஸ்லியின் காண்டாக்ட் ஷீட்டில் முதல் கட்டத்திலிருந்து இரண்டாம் கட்டத்துக்கு நடந்து போனது ஈஸ்டர் கழிந்த வாரத்தில். பச்சைத் தேயிலை விலை மறுபடி இறங்கிய வாரம் அது. குன்னூரில் எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். லெஸ்லி இன்னமும் கறுப்பு வெள்ளை பிலிமில் தெருவைப் படம் பிடிக்கிற பைத்தியம். ஒரு ரோலில் விழுந்த அத்தனை படங்களையும் பிலிம் அளவிலேயே, எடுத்த வரிசைப்படி ஒரே தாளில் கட்டம் கட்டமாகப் பதித்துப் பார்ப்பான்; அதுதான் காண்டாக்ட் ஷீட். நல்லது, சொதப்பியது எல்லாம் சேர்ந்து ஒரு காலைப்பொழுது முழுசாக அதில் இருக்கும். பிராங்ளின் காணாமல் போன காலையின் தாளில், முதல் கட்டத்தில் பஸ் ஸ்டாண்டில் நிற்பவன் அவன். கடைசிக் கட்டத்தில், மார்க்கெட்டில் முதுகைக் காட்டிக் கேரட் பொறுக்குபவள் அவன் மனைவி மெட்டில்டா. போலீஸ் கைவிட்ட பிறகு அவளுக்கு அந்தத் தாள்தான் கதி. பள்ளிக்கூடம் விட்டதும் லெஸ்லியின் ஸ்டூடியோவுக்குப் போய், பூதக்கண்ணாடியோடு குனிந்துவிடுவாள்.

பிராங்ளின் அவசரப்படவில்லை. மீன்கடையைக் கடக்க ஒரு மாதம். ஒரு வரிசை முடிந்து அடுத்த வரிசைக்கு இறங்க ஒரு மழைக்காலம். பிலிமிலும் அப்படியே நகர்ந்தான். அவன் விட்டுப்போன கட்டங்களில் தெரு மட்டும் இருந்தது.

"ஏனுங்க டீச்சர், அவரு நிக்கிற கட்டத்த மட்டும் பெருசாக்கித் தரட்டுங்களா?" என்றான் லெஸ்லி. "பெருசு பண்ணிட்டா அதுல இருக்கறவங்க நகர மாட்டாங்க. ஊட்டுல மாட்டி வெச்சுக்கலாமுங்க."

"வேண்டாங்க லெஸ்லி. அவரு என்றகிட்டத்தான் வந்துட்டு இருக்காரு."

பிறகும் கேட்டுப் பார்த்தான், அவள் பிடிகொடுக்கவில்லை. சுவரில் ஆணியடித்த புருஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வருஷங்கள் போயின. மெட்டில்டாவுக்குத் தலை நரைத்தது. கட்டத்துக்குள் இருந்தவளுக்கு நரைக்கவில்லை. போன டிசம்பரில் அவன் கடைசிக் கட்டத்துக்கு வந்து சேர்ந்தான். கை நீட்டினால் அவள் முதுகைத் தொட்டுவிடலாம். லெஸ்லி படத்தைப் பெரிதாக்கும் கருவியின் விளக்கைப் போட்டான்.

"அணைச்சிருங்க. நாளைக்குக் கூப்பிடுவாரு பாருங்க," என்றாள்.

மறுநாள் அவன் அவளைத் தாண்டியிருந்தான். கடைசிக் கட்டத்துக்கு அப்பால் படமே விழாத பிலிம் முனை. தாளில் அது வெறும் கறுப்பு. அதற்குள் போய்விட்டான். இத்தனை வருஷமும் அவன் வந்துகொண்டிருக்கவில்லை, போய்க்கொண்டிருந்தான். காணாமல் போன அன்று காலையும் இப்படித்தான் தன் முதுகுக்குப் பின்னால் கடந்திருப்பான் என்பது மெட்டில்டாவுக்குப் புரிந்தது. இனிப் பெரிதாக்க அவன் எந்தக் கட்டத்திலும் இல்லை.

தாளை வாங்கி வந்து சமையலறைக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினாள். டீ போடும்போது பார்ப்பாள். கடைசிக் கட்டத்தில் இருப்பவள் இப்போது கேரட்டை விட்டுவிட்டு, அந்தக் கறுப்பைப் பார்த்துத் திரும்பி நிற்கிறாள். முகம் நன்றாகத் தெரிகிறது. அவளுக்கும் நரைத்துவிட்டது.