இல்லாத பெயருக்கு வந்த மெயில்

ஏலக்காய்க் கடையின் மாடியில் உட்கார்ந்து, அக்கா ஸ்வீட்டியின் பெயருக்கு வந்திருந்த நாற்பத்தோராவது மெயிலைச் சாம் திறந்தான். அனுப்பியவள் அம்மா லில்லி. கீழே அடுக்களையில்தான் இருந்தாள்.

"திங்கக்கிழமை மதுரையில எனக்கு நெஞ்சுல ஆப்பரேசன். ஒரு தடவ வந்து மொகத்தக் காட்டிட்டுப் போ."

ஜீப் ஓட்டும் பாண்டித்துரையோடு ஸ்வீட்டி வீட்டை விட்டு மலைமேல் பூப்பாறைக்குப் போய் மூன்று வருடமாகிறது. போடியிலிருந்து பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். ஆனால் அன்றைக்கே அப்பா சத்தியநேசன், மனைவியின் கையைப் பைபிள் மேல் வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டார்: போன் பேச மாட்டேன், மலையேற மாட்டேன். மகனிடம், "நம்ம மெயில்ல இருந்து அவ பேர எடுத்துரு" என்றார்.

குடும்பப் பெயரில் டொமைன், மாடியிலேயே சர்வர், எல்லாம் சாமின் கைவேலை. பெயரை எடுத்தான். ஆனால் வேலையை விட்டுப் போனவர்களுக்கு வரும் ஆர்டர் வீணாகக் கூடாதென்று, இல்லாத பெயருக்கு வருவதெல்லாம் தன் பெட்டியில் விழும்படி முன்பே செய்து வைத்திருந்தான். லில்லிக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? சத்தியத்தில் மெயில் இல்லையே என்று கர்த்தரிடமே வக்கீல் பேசிவிட்டு, மகளின் பழைய முகவரிக்கு எழுத ஆரம்பித்தாள்.

முதலில் அப்பாவுக்குப் பயந்து சும்மா இருந்தான். அப்புறம், ஒன்றை அனுப்பினால் மற்றவை எங்கே என்று அக்கா கேட்பாளே என்ற பயம். கடை இனித் தனக்கு மட்டும்தான் என்ற நினைப்பும் ஓரத்தில் இனித்தது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

ஆப்பரேசன் என்று படித்ததும், இனிச் சும்மா இருக்க முடியாது என்று அவனுக்குப் பட்டது. அப்போதும் புத்தி குறுக்கேதான் போனது. அக்கா பெயரில் பெட்டியைத் திரும்ப உண்டாக்கி, "அம்மா, இப்ப வர முடியல. தைரியமா இருங்க. தம்பி பாத்துக்குவான்" என்று எழுதி அனுப்பினான்.

கால் மணி நேரத்தில் லில்லி போனைப் பிடித்தபடி படியேறி வந்தாள். மூச்சு வாங்கியது.

"சாமு, இது அவ எழுதுனதில்ல."

"ஏம்மா?"

"அவ என்னிக்கு உன்னையத் தம்பின்னா? அப்புன்னுதான சொல்லுவா." சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "அப்ப மத்ததெல்லாம்?"

"எதுவும் அவளுக்குப் போகலம்மா. எங்கிட்டதான் இருக்கு."

அடிப்பாள் என்று நினைத்தான். அடித்திருந்தால் தேவலை. ஆனால் அவள் முகம் தெளிந்தது.

"அப்ப அவளுக்கு எம்மேல கோவம் இல்ல" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் வாய் கோணியது. "மூணு வருசம். ஆத்தாளே தலமுழுகிட்டான்னுல்ல நெனச்சிருப்பா எம்புள்ள."

சாமால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. போன வருடம் ஸ்வீட்டி வேறொரு முகவரியிலிருந்து அவனுக்கு எழுதியிருந்தாள், அம்மா தன்னைப் பற்றி ஏதாவது பேசுவாளா என்று. அதற்கும் அவன் பதில் போடவில்லை.

"அவளோட இப்பத்த மெயில் அட்ரஸ் தெரியுமா?"

தலையாட்டினான்.

"அனுப்பு. எங் கண்ணு முன்னாடி அனுப்பு. மொதல்ல இருந்து."

முதல் மெயிலில் அக்கா போன மறுநாள் தேதி இருந்தது. இரண்டே வரி. 'ஸ்வெட்டர விட்டுட்டுப் போயிட்டியே. மேல குளிருமே.'

அனுப்பினான். லில்லி எழுந்து வந்து அவன் தோளுக்குப் பின்னால் நின்று, இரண்டாவதற்குக் காத்திருந்தாள்.